தாபோவில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, இறங்கும் வழியிலும் ஐஸ்: உதவி தேவை

கோவை_டு_சண்டிகர்

எல்லோருக்கும் வணக்கம். ஹிமாச்சலின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே நெட் வந்து வந்து போகிறது, பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் நண்பனும் ஆளுக்கொரு பைக்கில் சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ வழியாக ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா போனோம். குளிர்காலம் முழுக்க குன்சும் கணவாய் மூடியிருப்பதால் மணாலிப் பக்கம் இறங்க வழியில்லை, போன பாதையிலேயே திரும்ப வேண்டும். இப்போது தாபோவில் நிற்கிறோம். இரண்டும் ஒரே மாடல் வண்டி. 411 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், செல்ஃப் மட்டும்தான், கிக்கர் கிடையாது. ஆயில் 15டபிள்யூ-50.

இரவில் மைனஸ் 20 பக்கம் போகிறது. காலையில் சாவி போட்டால் மீட்டர் எரிகிறது, பெட்ரோல் பம்ப் சத்தமும் கேட்கிறது. செல்ஃபை அழுத்தினால் ஒரே ஒரு 'டக்'. உடனே மீட்டர் அணைந்து முதலிலிருந்து வருகிறது. நண்பனின் வண்டி முக்கி முனகி எப்படியோ எடுத்துவிடுகிறது, என்னுடையது வெயில் நன்றாக ஏறிய பிறகுதான். இன்று காலை இன்னொரு கூத்து: நியூட்ரலில் தள்ளினாலும் பின்சக்கரம் சுற்றவில்லை, பனியில் இழுபட்டுக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கார தாத்தா பெட்ரோல் உறைந்துவிட்டது என்கிறார். நண்பன் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்கிறான். நாக்கோவுக்கு முன்னால் மல்லிங் நாலா (ஓடை) பக்கம் நிழல் வளைவுகளில் முழுக்க ஐஸ், போகும்போதே இரண்டு பேரும் சரிந்தோம் (அடி இல்லை). அதே இடத்தில் இப்போது இறங்க வேண்டும். என்ன செய்யலாம்?

ஸ்பேனர்_14

பெட்ரோல் உறையவில்லை, அந்தக் கவலையை விடுங்கள். தாத்தா சொல்வது டீசலுக்குப் பொருந்தும். குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதற்காகத்தான் மைனஸ் 33 வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் லடாக்கில் கொண்டுவந்தது. ஸ்பிட்டிக் குளிரெல்லாம் பெட்ரோலை ஒன்றும் செய்யாது.

ஒரு 'டக்', அப்புறம் மீட்டர் மறுபடி முதலிலிருந்து வருவது என்றால் ஸ்டார்ட்டர் கேட்கும் கரண்ட்டை பேட்டரியால் கொடுக்க முடியவில்லை, வோல்டேஜ் தரைமட்டத்துக்கு இறங்குகிறது. ஒரே மாடல், ஒரே ஆயில், ஒரே குளிர். அப்படியிருந்தும் நண்பனின் வண்டி எடுக்கிறது என்பதுதான் எனக்குத் துப்பு. உங்கள் வண்டியில் கூடுதலாக என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள்? வோல்ட் மீட்டர் இருக்கிறதா?

கோவை_டு_சண்டிகர்

ஃபாக் லைட் இரண்டு, ஹீட்டட் ஜாக்கெட், போன் சார்ஜர். ஜாக்கெட் பெரும்பாலும் ஃபுல்லில்தான் ஓடியது. நண்பனிடம் இதெல்லாம் கிடையாது. யூஎஸ்பி சாக்கெட்டில் சின்ன மீட்டர் இருக்கிறது. சாவி போட்டவுடன் 11.8 காட்டுகிறது.

ஸ்பேனர்_14

அப்படியானால் பதில் கிடைத்துவிட்டது. நல்ல சார்ஜில் சும்மா இருக்கும் பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். 11.8 என்றால், சாவி போட்ட சுமையைக் கழித்தாலும், கிட்டத்தட்ட காலி.

அந்த ரோட்டில் நாள் முழுக்க முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்துதான் போயிருப்பீர்கள். அந்த ஆர்பிஎம்மில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது) தருவதே கொஞ்சம், அதையும் ஜாக்கெட்டும் ஃபாக் லைட்டும் குடித்துவிடுகின்றன. பேட்டரிக்கு மிச்சமில்லை. அதன்மேல் குளிர். லெட் ஆசிட் பேட்டரியின் பலம் மைனஸ் 18 வாக்கில் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி இன்ஜினைச் சுற்ற இரண்டு மடங்கு முறுக்கு கேட்கிறது. 15டபிள்யூ ஆயிலின் குளிர் ஸ்டார்ட்டிங் சோதனையே மைனஸ் 20-ல்தான், நீங்கள் அதன் விளிம்பில் நிற்கிறீர்கள். 10டபிள்யூ என்றால் மைனஸ் 25, 5டபிள்யூ என்றால் மைனஸ் 30.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி அந்தக் குளிரில் உறையாது. காலியான பேட்டரியில் ஆசிட் நீர்த்துப்போய்விடுவதால் மைனஸ் 10 வாக்கிலேயே உறையும். பக்கங்கள் உப்பியிருந்தால் அதை சார்ஜ் செய்யாதீர்கள், ஜம்ப்பும் கொடுக்காதீர்கள்.

இன்று இரவிலிருந்து பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வையுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், அறையின் சூடே போதும். ஊரில் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து யாரிடமாவது 12 வோல்ட் சார்ஜர் கேளுங்கள், ஜீப் வைத்திருப்பவர்களிடம் கிடைக்கும். காலையில் செல்ஃபை 5 வினாடிக்கு மேல் அழுத்த வேண்டாம், ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் இடைவெளி விடுங்கள்.

மலைப்பித்தன்

இவ்வளவு எதற்கு ப்ரோ? லாரிக்காரர்கள் செய்வதுபோல இன்ஜினுக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பத்து நிமிடம் காட்டுங்கள், ஆயில் தண்ணீராகிவிடும். இல்லையென்றால் லித்தியம் பேட்டரி போடுங்கள், வெயிட்டும் குறையும்.

ஓய்வுபெற்ற_ஹவில்தார்

தம்பி, அந்த ஸ்டவ் வேலையை நான் பார்த்திருக்கிறேன், டீசல் லாரியில். இரும்புச் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), உயரமான சேசிஸ், பக்கத்தில் மண் வாளியோடு ஓர் ஆள். மோட்டார் சைக்கிளில் சம்ப்புக்குச் சாண் தூரத்தில் ஒயரிங், ரப்பர், பெட்ரோல் குழாய். அதுவும் ஹோம்ஸ்டே வாசலில், மேலே காய்ந்த விறகும் வைக்கோலும் அடுக்கிய கூரை. வேண்டவே வேண்டாம். இரவில் வண்டியை மாட்டுக்கொட்டகைக்குள் நிறுத்த இடம் கேளுங்கள், அதுவே பாதி வேலையை முடிக்கும். இடம் இல்லையென்றால் ஓட்டி வந்த சூடு ஆறுவதற்குள் கம்பளியும் தார்ப்பாயும் போட்டு மூடுங்கள். சைலன்ஸரில் படாமல்.

லித்தியத்தைப் பற்றி: கடும் குளிரில் அது இன்னும் சோம்பேறி, சைபருக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள் கெட்டும் போகும். அங்கே அதற்கு வேலையில்லை.

ஜம்ப் எடுக்கப் போனால் ஒன்று மறக்காதீர்கள். பஸ், லாரி, நம் ராணுவ வண்டிகள் எல்லாம் 24 வோல்ட். உதவுகிற எண்ணத்தில் யாராவது கேபிளை நீட்டுவார்கள், மாட்டினால் உங்கள் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு போச்சு. பொலேரோ, ஆல்ட்டோ மாதிரி 12 வோல்ட் வண்டியாகப் பாருங்கள், அதன் இன்ஜினை அணைத்துவிட்டு மாட்டுங்கள். கடைசி மைனஸ் கிளிப்பை பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் இரும்பில் மாட்டவும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது: பம்ப்பும் இசியுவும் ஓடும் அளவுக்கு கரண்ட் இருந்தால் எடுக்கும். ஆனால் ஐஸ் மேல் கிளட்சை விட்டதும் டயர் சுற்றாமல் வழுக்கும். மண் தெரிகிற சரிவு இருந்தால் இரண்டாம் கியரில் முயலலாம்.

ஸ்பேனர்_14

பின்சக்கரத்தை மறந்துவிட்டோம். முந்தின நாள் ஏதாவது ஓடையைத் தாண்டி வந்து ஈரத்தோடு நிறுத்தினீர்களா? பிரேக் பேட் டிஸ்க்கோடு சேர்ந்து உறைந்திருக்கும். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 'பட்' என்று விட்டுவிடும். வெந்நீர் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடத்தில் அதுவும் உறைந்து, கேபிளுக்குள்ளும் போய் உட்காரும். இனிமேல் தண்ணீரைத் தாண்டினால் நிறுத்துவதற்கு முன் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள். கிளம்பும் முன் ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டு, தானாகத் திரும்புகிறதா என்று பார்ப்பது கட்டாயம். கேபிள் உறைந்து திறந்தபடி நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டோர்ட்முண்ட்_குமரன்

நான் ஜெர்மனியில் இருக்கிறன். இங்கே பவேரியக் காட்டுக்குள்ள குளிர்கால மோட்டார் சைக்கிள் சந்திப்பு ஒன்று நடக்கும், யானைச் சந்திப்பு என்று பேர். 1956-ல தொடங்கினது. பனிக்குள்ள வைக்கோல் விரித்துக் கூடாரம் அடிச்சுப் படுப்பினம். வாற ஆக்களில் கனபேர் சைட்கார் பூட்டித்தான் வருவினம், ஏனென்றால் ஐஸில் இரண்டு சில்லை நம்ப ஏலாது. உங்களிட்ட சைட்கார் இல்லை, ஆகவே ஐஸைக் கூடுமான வரை தவிர்க்கிறதுதான் வழி.

முதலில் நேரம். காலை பத்துக்கு முன் வெளிக்கிட வேண்டாம், பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு ஓட வேண்டாம். பகலில் உருகி ரோட்டுக்குக் குறுக்காக ஓடின தண்ணி வெயில் மறைஞ்ச உடனே கண்ணாடி மாதிரி உறையும். ரோட்டு நிறத்திலயே இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது.

இரண்டாவது, எதில ஓடுறது. வாகனங்கள் அமத்தி மினுக்கின தடம்தான் ஆகக் கூட வழுக்கும். ஓரத்தில புதுப் பனியோ சரளையோ இருந்தால் அதில போங்கோ, ஆனால் பள்ளத்துப் பக்க ஓரம் வேண்டாம். இறக்கத்தில இரண்டாம் கியர், முன் பிரேக்கைத் தொடவே கூடாது. இரண்டு காலையும் இறக்கி நடை வேகத்தில. மோசமான துண்டில் ஒருவர் இறங்கிப் பின்னுக்குப் பிடிச்சுக்கொண்டு வரலாம், வெட்கப்பட ஒண்டுமில்லை.

ரயரில ஆணி அடிக்கிற யோசனை யாரும் சொன்னால் கேட்காதேங்கோ. இங்கே பொதுச் சாலையில் ஆணி ரயர் 1975-லிருந்து தடை, சுவீடன், பின்லாந்தில ஓடலாம். உங்கட வண்டி ட்யூப் ரயர், வெளியிலிருந்து ஸ்க்ரூ முறுக்கினால் ட்யூப் கிழியும். கம்பிச் சில்லு என்றபடியால் பின் ரயரைச் சுற்றி, கம்பிக்குள்ளால தடிச்ச கயிறு ஏழெட்டு இடத்தில கட்டலாம். செயின், பிரேக் கேலிப்பர், மட்கார்ட் எதிலயும் உரசாமல் கையால சுற்றிப் பாருங்கோ. முன்சில்லில கட்ட வேண்டாம். ஐஸ் முடிஞ்ச உடனே வெட்டி எறியுங்கோ.

கோவை_டு_சண்டிகர்

எல்லோருக்கும் நன்றி. பேட்டரி இப்போது என் படுக்கைக்குப் பக்கத்தில். பின்சக்கரம் சொன்ன மாதிரியே 'பட்' என்று விட்டது. இன்னொரு கேள்வி. நண்பனின் வலது கை இரண்டு விரல் நுனி வெளுத்து உணர்ச்சி இல்லாமல் இருக்கிறது. அடுப்பில் காட்டலாமா? டயர் காற்றைக் குறைக்க வேண்டுமா?

வெள்ளைக்கோட்டு

அடுப்பில் காட்டக் கூடாது. உணர்ச்சி இல்லாத விரல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. தேய்க்கவும் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில், உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்துச் சூட்டை உறுதிசெய்துகொண்டு, அரை மணி நேரம் வைக்கவும். நிறம் திரும்பும்போது வலிக்கும், அது நல்ல அறிகுறி. கொப்புளம் வந்தாலோ, விரல் மரக்கட்டை போல் விறைத்தே இருந்தாலோ பைக்கில் கூட்டி வராதீர்கள். டாக்சி பிடித்து ரெக்காங் பியோ அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒருமுறை இளகிய விரல் மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு.

நிறம் திரும்பினாலும் நாளைக்கு ஓய்வு. மைனஸ் 10-ல் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 23 போல. இறுக்கமான கையுறைக்குள் இன்னொன்றைத் திணிப்பது ரத்த ஓட்டத்தைத்தான் நிறுத்தும். மெல்லிய கம்பளி உறை உள்ளே, தளர்ந்த பெரிய உறை வெளியே, ஹேண்டில்பாரில் காற்றை மறைக்கும் உறை. சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த இரண்டு நாளாவது வேண்டாம்.

கேட்காத ஒன்று: புகைபோக்கி வைத்த அடுப்பு சரி, கரித்தணலைச் சட்டியில் எடுத்து வந்து மூடிய அறையில் வைத்துத் தூங்காதீர்கள், அதன் விஷவாயு தெரியாமலே உயிரை எடுத்துவிடும்.

ஸ்பேனர்_14

காற்று விஷயத்தில் ஒரு வேடிக்கை. குளிரால் 5 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ கணக்கில் குறையும், உயரத்தால் வெளிக்காற்று அழுத்தம் குறைந்து கேஜில் ஏறும். சமவெளியில் நிரப்பிய டயர் அங்கே ஏறக்குறைய பழைய அளவையே காட்டும். மென்மையான பனியில் நாலைந்து பிஎஸ்ஐ குறைத்தால் கொஞ்சம் பிடிக்கும், வெறும் ஐஸில் பெரிய வித்தியாசம் இல்லை.

கோவை_டு_சண்டிகர்

ராம்பூரிலிருந்து. நண்பனுக்கு விரல்கள் நிறம் திரும்பி உணர்ச்சியும் வந்துவிட்டது. அப்படியும் அவன் டாக்சியிலும் அவன் வண்டி பிக்கப்பிலும் இறங்கின, நான் பின்னால் ஓட்டி வந்தேன். ஜாக்கெட் அணைத்து, ஃபாக் லைட் அணைத்து ஓட்டியதில் மீட்டர் 13.9 வரை ஏறியது. காலையில் பேட்டரியை மாட்டிய முதல் அழுத்தலிலேயே எடுத்தது. மல்லிங்கில் பதினொன்றரைக்கு வெயில் விழுந்திருந்தது, கயிறு கட்டியது பிடித்தது. அதைத் தாண்டியதும் அறுத்துவிட்டேன்.

ஸ்பேனர்_14

நல்லது. சண்டிகர் போனதும் பேட்டரியை லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். ஒருமுறை அடிமட்டம் போனது சமவெளிச் சூட்டில் நன்றாக இருப்பதுபோல நடிக்கும். ஜாக்கெட்டுக்குத் தனி ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) போடுங்கள், வோல்டேஜ் 12.5-க்குக் கீழே போனால் துண்டிக்கிற மாதிரி.

டொராண்டோ_வாசன்

அடுத்த வருடம் நானும் இந்தப் பாதையில் வர நினைக்கிறேன், கனடா பாஸ்போர்ட். ஸ்பிட்டிக்குள் நுழையும் இடத்திலுள்ள சும்தோ செக்போஸ்ட்டில் ஏதாவது பிரச்சினை இருந்ததா?

கோவை_டு_சண்டிகர்

எங்களுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்படவில்லை, இந்தியர்கள் அடையாள அட்டையோடு போகலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் ரெக்காங் பியோவுக்கும் தாபோவுக்கும் நடுவில் உள்ள பகுதிக்கு இன்னர் லைன் பெர்மிட் (எல்லைப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு) வேண்டும். ரெக்காங் பியோவிலேயே வாங்கலாம், ஆனால் அரசு விடுமுறை நாளில் போய் நிற்காதீர்கள். பெட்ரோலும் பியோவுக்குக் கீழே பவாரியில் நிரப்பிவிடுங்கள், அடுத்த பம்ப் காஸாவில்தான்.