சோலோன் சொன்னது ‘மகிழ்ச்சி’யைப் பற்றியா? எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும்?

கடல்வீதி (வெள்ளவத்தை):
உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதிய, ஏதென்ஸ் அறிஞர் சோலோனுக்கும் லிடியாவின் செல்வந்த அரசன் குரோசஸுக்கும் நடந்த உரையாடலை 40 நிமிடத்தில் விளக்க வேண்டும். “சாகும்வரை எவரையும் மகிழ்ச்சியானவர் என்னாதே” என்ற சோலோனின் கூற்றைத் தமிழில் சொன்னதும், “அப்ப உயிரோட இருக்கிற ஒருத்தரும் சந்தோஷமா இல்லையோ?” என்ற கேள்விதான் வருகிறது. அரிஸ்டோட்டில் சோலோனை மறுத்தாரா, ஏற்றாரா? கிரேக்கர் அதிர்ஷ்டத்துக்குச் சொல்லும் ‘துகே’யை ஊழ் என்று சொல்லலாமா?

ஏட்டுச்சுவடி:
‘மகிழ்ச்சி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், பாதிச் சிக்கல் தீரும். ஹெரொடோட்டஸின் முதலாம் நூல் 32ஆம் பகுதியில் சோலோன் இரண்டு சொற்களைப் பிரித்து ஆள்கிறார். ஒருவர் இறக்கும்வரை ‘ஒல்பியோஸ்’ என்னாதே, ‘யூதுகேஸ்’ என்று மட்டும் சொல் என்கிறார். யூதுகேஸ் என்றால் அதிர்ஷ்டம் வாய்த்தவர். லொத்தர் விழுந்தவரையும் அப்படிச் சொல்லலாம். ஒல்பியோஸ் என்றால் நிறைவாழ்வு வாழ்ந்தவர். அது மனநிலையின் பெயர் அல்ல, முழு வாழ்வுக்கும் தரும் தீர்ப்பு.

அவர் காட்டும் ஆட்களைப் பார்த்தாலே இது புரியும். முதலிடம் ஏதென்ஸ் நகரத்துத் தெல்லோஸுக்கு: ஊர் செழித்திருந்தது, நல்ல பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் தப்பி வளர்ந்தார்கள், எலியூசிஸ் போரில் இறந்து விழுந்த இடத்திலேயே அரசச் செலவில் அடக்கம். அடுத்து ஆர்கோஸின் கிளியோபிஸ், பிட்டோன். எருதுகள் நேரத்துக்கு வராததால் தாயின் வண்டியைத் தாங்களே 45 ஸ்டேடியம் இழுத்துச் சென்றவர்கள். ஏறத்தாழ 8 கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குரோசஸின் பொற்குவியல் இந்தப் பட்டியலில் வரவேயில்லை.

மனித வாழ்நாளைச் சோலோன் நாட்களாக எண்ணும் கணக்கையும் பலகையில் போடுங்கள். 70 ஆண்டு × 360 நாள் = 25,200. ஆண்டைப் பருவங்களோடு ஒத்துவைக்கச் சேர்க்கும் மிகைமாதம், இரண்டு ஆண்டுக்கு ஒன்றாக 35 மாதம், 1,050 நாள். மொத்தம் 26,250, ஒரு நாள் கொண்டுவருவதை இன்னொரு நாள் கொண்டுவராது என்பதே சோலோனின் வாதம். ஆனால் இந்தக் கணக்கில் ஆண்டுக்கு 375 நாள் வருகிறது. சந்திர ஆண்டு 354 நாள்தான். எல்லா மாதத்தையும் 30 நாளாக எடுத்த பிறகு மிகைமாதத்தையும் சேர்த்ததால் வந்த பிழை இது. கெட்டிக்காரப் பிள்ளை கண்டுபிடித்துவிடும், முந்திக்கொள்ளுங்கள்.

ஆலமரத்தடி:
அரிஸ்டோட்டில் பாதி ஏற்றார். ‘நிகோமாகிய அறவியல்’ முதல் நூல், 10ஆம் அத்தியாயம். செத்த பிறகுதான் ஒருவர் நல்வாழ்வினர் என்பது பொருந்தாது என்கிறார். காரணம், யூடைமோனியா, அதாவது நல்வாழ்வு, ஒரு செயற்பாடு, பிணம் செயற்படாது. ஆனாலும் நண்பர், செல்வம், நல்ல பிள்ளைகள் இல்லாமல் அது முழுமை பெறாது என்றும் ஒப்புக்கொள்கிறார். கிடைத்த தோலில் முடிந்தவரை நல்ல செருப்புத் தைக்கும் தொழிலாளியை உவமை காட்டுகிறார். போரில் பிள்ளைகளையும் நகரையும் இழந்த திரோய் அரசன் பிரியாமுக்கு வந்த கேடு வந்தால், நல்லவர் இழிந்தவராக மாட்டார். ஆனால் பேறு பெற்றவர் என்றும் சொல்ல முடியாது. இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. பிற்காலக் கிரேக்க மெய்யியலாளரான ஸ்தோயிக்கர் பிரிந்து போவது இங்கேதான்: அவர்களுக்கு அறம் ஒன்றே போதும், பிரியாமின் கேடும் நல்வாழ்வைத் தொடாது.

துகேயை ஊழ் என்பது தவறு. பரிமேலழகர் உரைப்படி ஊழ் ஒரு நியதி, செய்த வினையின் பயன் செய்தவனையே சென்றடைவது. துகேயில் அப்படி ஒழுங்கே இல்லை, ‘தற்செயல்’ பொருந்தும். ஊழுக்குக் கிட்ட வருவது ‘மொய்ரா’, அதாவது அவரவர்க்கு அளந்த பங்கு. அதிலும் முற்பிறவி வினை கிடையாது.

கடல்வீதி:
மிக்க நன்றி, இருவருக்கும். ஒன்று மட்டும்: இந்தச் சந்திப்பு உண்மையில் நடந்ததா என்று கேட்டால்?

ஏட்டுச்சுவடி:
காலம் இடிக்கிறது. சோலோன் ஏதென்ஸின் ஆர்க்கோனாக, அதாவது தலைமை ஆட்சியாளராக, இருந்தது கி.மு. 594, குரோசஸ் ஆட்சிக்கு வந்தது ஏறத்தாழ கி.மு. 560. பிற்காலத்தில் சோலோனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புளூட்டார்க்குக்கும் இந்த ஆட்சேபம் தெரியும். சோலோனின் இயல்புக்கு இவ்வளவு பொருந்தும் கதையைக் காலக்கணக்குக்காகக் கைவிட மாட்டேன் என்று எழுதிவிட்டுத்தான் அதைச் சொல்லத் தொடங்குகிறார். இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.