சாத்திரம் கேட்கப் போன கிறிஸ்தவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொட்டாஞ்சேனைவாசி

அக்காவின் கனடா விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்த நேரம். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வெளியே வந்ததும், அம்மா வீட்டுக்குத் திரும்பாமல் என்னை ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்கு அழைத்துப்போனார். சாத்திரியின் வீடு என்பது படியேறும்போதே விளங்கிவிட்டது. சுவரில் மற்றத் தெய்வங்களோடு அந்தோனியார் படமும் தொங்கியது. சற்று முன்னர் கோவிலில் சிலுவை அடையாளம் வரைந்த கை, அந்தப் படத்தின் முன் எழவில்லை.

அவர் விசாக் கோப்பைத் திறக்கவே இல்லை. அதன்மேல் ஒரு வெற்றிலையை வைத்து, “தகப்பன் இல்லாத பிள்ளை, சித்திரை பிறக்குமுன் கடல் கடப்பாள்” என்றார். இரண்டும் சரியாகவே இருந்தன.

குறி கேட்பதை விவிலியத்தின் இணைச்சட்டம் நூல் 18ஆம் அதிகாரத்தில் விலக்குவதை மறைக்கல்வி வகுப்பிலேயே படித்தவள் நான். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சோதிடம், கைரேகை, குறி அனைத்தையும் விலக்கச் சொல்கிறது. அவர் சொன்னது பொய்த்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன், பலித்ததுதான் உறுத்துகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது சுவாமி கண்டிக்கவில்லை. “விசா வந்த அன்று அம்மா முதலில் எங்கே போனார்?” என்று மட்டும் கேட்டார். அம்மா ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு அந்த மாடி வீட்டுக்குத்தான் போயிருந்தார்.

வெள்ளவத்தை விசுவாசி

பலித்ததை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சகோதரி. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவி கொண்ட பெண் பவுலைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனாலும் பவுல் அந்த ஆவியைத் துரத்தினார் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. ஆத்திரப்பட்டவர்கள், அவளை வைத்து ஆதாயம் பார்த்த எஜமான்கள்.

ஆயினும் உங்கள் அம்மாவைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. நாங்கள் சாத்திரியிடம் போவதில்லை. அதே ஆசையோடு கூட்டங்களுக்குப் போகிறோம். எங்களுக்குத் திருமணமாகி ஏழாம் ஆண்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர் காலி வீதி மண்டபம் ஒன்றில் என் மனைவியின் தலைமேல் கைவைத்து, அடுத்த ஆண்டு இதே நாளில் உன் மடியில் ஆண்பிள்ளை இருக்கும் என்று கர்த்தர் சொல்லுகிறார் என்றார். மண்டபமே கைதட்டியது. மறுநாள் அவள் மஞ்சள் நிறத்தில் ஒரு குழந்தைத் துவாய் வாங்கி அலுமாரியில் வைத்தாள். அந்த நாள் வந்தது, போனது. அன்றிரவு அவள் துவாயை எடுத்து விரித்து, மீண்டும் அதே மடிப்பில் மடித்து வைத்ததைக் கதவருகே நின்று பார்த்தேன். “எனக்குத்தான் விசுவாசம் போதவில்லையோ?” என்றாள்.

நீங்கள் குறிப்பிட்ட அதே அதிகாரத்தின் கடைசி வசனம், கர்த்தரின் நாமத்தில் சொன்ன காரியம் நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்கிறது. எங்கள் சபையில் ஒருவரும் அதை வாசித்துக் காட்டவில்லை. தீர்க்கதரிசனத்தை நான் மறுக்கவில்லை. பஞ்சம் வரும் என்று அகபு என்னும் தீர்க்கதரிசி அறிவித்தபோது, அதைக் கேட்ட அந்தியோகியா சீஷர்கள் யூதேயாவிலிருந்த சகோதரருக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். எங்கள் மண்டபத்தில் அவரவர் தம்மைப் பற்றிக் கேட்கவே வரிசையில் நின்றோம்.

தெகிவளை ஓய்வுபெற்ற ஆசிரியை

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புத்தாண்டுக்கென வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுப்பது எங்கள் ஆலய வழக்கம். ஓராண்டு எனக்கு வந்தது, உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்னும் யோவான் 16:33. பக்கத்திலிருந்தவர் பார்க்குமுன் அதைத் தட்டில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

முதலாமவர் தம் அம்மாவுக்கு ஒன்றை விளக்க வேண்டும். வருங்காலத்துக்கு ஆயத்தம் செய்வது வேறு, அதைத் திறந்து பார்க்க முயல்வது வேறு. யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் தானியம் சேர்த்து வைத்தது ஆயத்தம். யாக்கோபு தம் நிருபத்தில் வியாபாரத் திட்டத்தைக் கண்டிக்கவில்லை. “ஆண்டவருக்குச் சித்தமானால்” என்ற சொல் இல்லாத திட்டத்தையே கண்டிக்கிறார். சவுல் அரசன் எந்தோரில் இருந்த குறிகாரப் பெண்ணிடம் மாறுவேடத்தில் போய் அறிந்துகொண்டது தன் மறுநாள் மரணத்தை மட்டுமே. அறிந்ததனால் அவன் தப்பவில்லை. திருச்சபைப் பிதா அகுஸ்தீனும் இளமையில் சோதிடத்தை நம்பியவர். ஒரே வேளையில் செல்வர் வீட்டுப் பிள்ளையும் அடிமைப் பெண்ணின் பிள்ளையும் பிறந்து, இருவர் வாழ்வும் வெவ்வேறாய்ப் போனதைக் கேள்விப்பட்ட பின்னர் அதை முற்றாக விட்டார். ஆகவே, பயணமோ வேலையோ எதுவானாலும் காரணங்களைத் தாளில் எழுதுங்கள், விசுவாசத்தில் முதிர்ந்த இருவரிடம் பேசுங்கள், ஜெபித்துவிட்டு ஒரு நாளைக் குறித்து முடிவெடுங்கள். அடையாளம் கேட்டுக் காலத்தைக் கடத்தாதீர்கள். இரண்டாமவர் ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பதைப் பற்றியும் யோசிக்கலாம்.

கொச்சிக்கடை பங்கு

எங்கள் கோவிலில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 காலை எனக்குக் காய்ச்சல். உயிர்த்த ஞாயிறுத் திருப்பலிக்குப் போகவில்லை. கடவுள் உனக்கு முன்கூட்டியே உணர்த்தினார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் உணர்த்தப்படவில்லை, தலைதான் வலித்தது. அப்படிச் சொல்கிறவர்கள், அன்று கோவிலில் என் வழக்கமான வாங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அவர் ஏன் உணர்த்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் முன்னால் என்னால் அந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

மட்டக்குளி, பெயர் வேண்டாம்

ஆசிரியை அவர்களே, தாளில் எழுதித் தீர்க்க முடியாத கேள்விகளும் உண்டு. தத்தெடுப்பு பற்றி அந்தத் தம்பதியினர் உங்களிடம் கேட்கவும் இல்லை. எந்தோர்க் கதையைச் சொன்னீர்கள். அதே அதிகாரத்தின் கடைசி வசனங்களில், இரவு பகல் சாப்பிடாமல் தரையில் விழுந்து கிடந்த சவுலுக்கு அந்தப் பெண் கன்றை அடித்து, மாப்பிசைந்து அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள்.

போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு என் தம்பியைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அம்மா ஏறாத அலுவலகம் இல்லை. பாவம் என்று தெரிந்துகொண்டேதான் அஞ்சனம் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். பின்னர் அதை அறிந்த ஆலயத்தார் வசனம் சொல்லிக் கண்டித்தார்கள். ஒருவராவது வந்து அம்மாவுடன் ஒரு மாலை உட்காரவில்லை.

அஞ்சனக்காரர் வெற்றிலையில் மையைத் தடவி, எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமியைப் பார்க்கச் சொன்னார். நெடுநேரம் உற்றுப் பார்த்தவள், “நீலச் சேர்ட் போட்ட ஒரு மாமா நிற்கிறார்” என்றாள். எங்கே இருக்கிறான், எப்போது வருவான் என்று அம்மா கேட்பார் என எதிர்பார்த்தேன். வரும் வழியெல்லாம் அவற்றையே சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தருகே குனிந்து, “சாப்பிட்டவனோ என்று பாரம்மா” என்றார்.

சிறுமி பதில் சொல்லாமல் அஞ்சனக்காரரின் முகத்தைப் பார்த்தாள்.