மட்டன் பிரட்டலுக்கு கோர்பியேர் வைன் ஒத்துவருமா?

ஜெலுத்தோங்காரன்:
மச்சான் ஒரு பாட்டில் கோர்பியேர் கொடுத்தார், தெற்கு பிரான்ஸ் சிவப்பு வைன், ஆல்கஹால் 14 சதவீதம் என்று போட்டிருக்கிறது. சனிக்கிழமை வீட்டில் மட்டன் பிரட்டல். சேருமா? போன தடவை ஏதோ ஒரு சிவப்பு வைனை மீன் தலைக் கறியோடு குடித்து, வாயெல்லாம் இரும்பை நக்கியது போல ஆகிவிட்டது.

பிறை அக்கா:
தம்பி, மட்டன் சரி, மிளகாய்தான் பிரச்சினை. ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை இன்னும் ஏற்றிவிடும், அதனால் மிளகாயைப் பாதியாக்கி மிளகு, சோம்பு தூக்கலாகப் போட்டு, எண்ணெய் பிரிந்து கறி கறுத்து வரும்வரை பிரட்டுங்கள். கோர்பியேர் நார்போன் நகரத்துப் பக்கத்து மலைப்பகுதி, 1985இல்தான் ஏஓசி தகுதி (இந்த ஊர் வைன்தான் என்று பிரான்ஸில் தரும் சான்று) கிடைத்தது. கரிஞான், கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் திராட்சைகளைக் கலந்து செய்வார்கள். சுற்றியுள்ள புதர்க்காடெல்லாம் தைம், ரோஸ்மேரி என்ற வாசனைச் செடிகள், நல்ல பாட்டிலில் அந்த வாசனை லேசாக அடிக்கும். அந்தப் பக்கத்தில் சுட்ட ஆட்டுக்கறியோடும், வெள்ளை பீன்ஸும் வாத்தும் சாசேஜும் சேர்த்து வேகவைக்கிற கசூலேயோடும் குடிப்பார்கள்.

பழைய குடிமகன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் பினாங்கு சூட்டில் அப்படியே ஊற்றினால் சாராயம் மாதிரிதான் இருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிரவிடுங்கள், 17 டிகிரி போதும். அப்புறம், சீனர் கடை வாத்து ரோஸ்டும் இதற்குப் பிரமாதம், அந்த இனிப்புச் சாற்றை மட்டும் ஊற்றாதீர்கள்.

ஜெலுத்தோங்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. மிளகாயைக் குறைக்கச் சொல்லி அம்மாவிடம் யார் பேசுவது? வாத்தே வாங்கிவிடுகிறேன்.