பேக்கப் ஏபிஐ: லோக்கல்ஹோஸ்ட் என்றால் பாஸ்வேர்ட் வேண்டாமாம்!

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
வெள்ளவத்தை_தேவ் இங்கே போட்ட வழிகாட்டியை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பார்மன் என்ற மென்பொருள் எடுக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பேக்கப்களை வெப் ஏபிஐ (மற்ற நிரல்கள் கட்டளை அனுப்பும் வழி) வழியாக நிர்வகிக்க பிஜி-பேக்கப்-ஏபிஐயை நிறுவுவது எப்படி என்று எழுதியிருக்கிறார். லினக்ஸின் சிஸ்டம்டியில் சேவையை இயக்குவது, கர்ல் கட்டளையால் வேண்டுகோள் அனுப்பி டயக்னோஸ் (நிலவரச் சோதனை) பதில் வருகிறதா என்று பார்ப்பது வரை எல்லாம் சரி. அப்புறம் லோக்கல்ஹோஸ்ட் (இயந்திரம் தன்னையே அழைக்கும் 127.0.0.1 முகவரி) பற்றி ஒரு வரி: "இது லோக்கல்ஹோஸ்ட் 7480 போர்ட்டில் மட்டும்தான் கேட்கும், ஆகவே பாஸ்வேர்ட், சான்றிதழ் எதுவும் தேவையில்லை." யார் சொன்னது? இதை நம்பி ஒரு பெடியன் கம்பனி சேர்வரில் போட்டால் யார் பொறுப்பு?

வெள்ளவத்தை_தேவ்:
அண்ணா, 127.0.0.1 இல் கேட்கும் சேவைக்குள் வெளியிலிருந்து ஒருவராலும் வர முடியாது. இது முதலாம் ஆண்டுப் பாடம். 2017 ஜனவரியில் திறந்து கிடந்த மொங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுக் கப்பம் கேட்டார்களே, அதற்கு என்ன மருந்து செய்தார்கள்? 3.6 பதிப்பிலிருந்து லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும்படி மாற்றினார்கள். அவர்களுக்குப் போதுமானது உங்களுக்குப் போதாதா?

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
மொங்கோடிபியில் அதற்குப் பிறகும் பயனர் கணக்கு, பாஸ்வேர்ட் எல்லாம் போடலாம். இங்கே போடவே வழியில்லை, அதுதான் விஷயம். "வெளியிலிருந்து வர முடியாது" என்கிறீர்கள். உள்ளே இருப்பவன்? அதே சேர்வரில் மொனிட்டரிங் ஏஜென்ட் ஓடும், யாரோ வைத்துவிட்டுப் போன பழைய பிஎச்பி பக்கம் ஓடும். அவை எல்லாவற்றுக்கும் 7480 திறந்த கதவு.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது வெறும் நிலவர அறிக்கை அல்ல. ரெஸ்டோர் (பேக்கப்பிலிருந்து மீட்கும்) வேண்டுகோள் அனுப்பும்போது எந்த பேக்கப், எந்த அடைவில் கொட்டுவது, எந்த எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள இயந்திரத்துக்குள் நுழையும்) கட்டளையால் மற்ற இயந்திரத்துக்குப் போவது என்று எல்லாவற்றையும் ஜேசன் வடிவில் கேட்பவனே எழுதுகிறான். ஓடுவது பார்மன் பயனரின் உரிமையில். முழு டேட்டாபேஸையும் தனக்குப் பிடித்த இடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். இதற்குப் பாஸ்வேர்ட் வேண்டாமா?

தெமட்டகொட_நெட்வேர்க்:
ஏபிஐ எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை. எஸ்எஸ்எச்சில் போய் 'பார்மன் செக்' அடித்தால் முடிந்தது. நேரத்துக்குத் தானாக ஓடவைக்க கிரொன் இருக்கிறது. இரண்டு டேட்டாபேஸ் வைத்திருப்பவனுக்கும் இப்போது டாஷ்போர்ட் வேண்டியிருக்கிறது.

வெள்ளவத்தை_தேவ்:
@தெமட்டகொட, நாற்பது வாடிக்கையாளரின் பேக்கப்பைப் பார்ப்பவனுக்கு எஸ்எஸ்எச் கதை சொல்லாதீர்கள்.
@டிபிஏ அண்ணா, பேக்கப் சேர்வரில் பிஎச்பி ஓடவிடுவது உங்கள் ஒஃபிஸ் பழக்கம். என் வழிகாட்டியின் முதல் பந்தியிலேயே தனி சேர்வர் என்று எழுதியிருக்கிறேன். தனி சேர்வர், லோக்கல்ஹோஸ்ட், முடிந்தது.

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
முடியவில்லை. தனி சேர்வரில் லோக்கல்ஹோஸ்டிலேயே இருந்தால் உங்கள் டாஷ்போர்ட் எங்கே ஓடுகிறது? அதே பெட்டியிலா? அப்படியானால் அது தனி சேர்வர் இல்லை. வேறு பெட்டியிலா? அப்படியானால் வெளியே திறந்தாக வேண்டும். அதற்குத்தான் முன்னால் அப்பாச்சி வெப் சேர்வரைப் புரொக்ஸியாக (இடையாளாக) வைத்து, வருபவனிடம் கிளையன்ட் சான்றிதழ் (யார் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் அடையாளம்) கேள் என்கிறோம். உங்கள் வரி அந்த வேலையையே "தேவையில்லை" என்று தள்ளுகிறது.

வெள்ளவத்தை_தேவ்:
எஸ்எஸ்எச் டனல் போட்டு அதற்குள்ளால் டாஷ்போர்டை இணைக்கலாம்.

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
டனல் போட்டால் எஸ்எஸ்எச் சாவியால் ஆளை அடையாளம் காண்கிறீர்கள். அதுவும் அங்கீகாரம்தான்! வழிகாட்டியில் டனல் என்ற சொல்லே இல்லை. இப்போது கொண்டுவந்து சொருகாதீர்கள்.

பம்பலப்பிட்டி_புதியவன்:
நான் டொக்கரில் (நிரலைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) போட்டேன். கண்டெய்னருக்குள் 127.0.0.1 இல் கேட்டால் வெளியே வரவில்லை என்று 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேட்பது) ஆக்கி 7480ஐ பப்ளிஷ் செய்தேன். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோல் மூடித்தான் இருக்கிறது. பிரச்சினை இல்லைதானே?

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
இதோ! தம்பி, உடனே நிறுத்துங்கள். டொக்கர் பப்ளிஷ் செய்யும் போர்ட் தன் சொந்த ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் நெட்வேர்க் வடிகட்டி) விதிகளால் போகிறது. யூஎஃப்டபிள்யூ அதைத் தடுக்காது. 127.0.0.1:7480:7480 என்று ஐபியையும் சேர்த்து எழுதி பப்ளிஷ் செய்யுங்கள். தேவ், பாருங்கள், உங்கள் ஒரு வரி எங்கே போய் நிற்கிறது என்று.

வெள்ளவத்தை_தேவ்:
0.0.0.0 ஆக்கு என்று நான் எங்கே எழுதினேன்? டொக்கர் என்றும் எழுதவில்லை. தம்பி செய்ததற்கு நான் பொறுப்பா? போன வருடம் ரெப்ளிகேஷன் (டேட்டாபேஸை இன்னொரு சேர்வருக்கு உடனுக்குடன் பிரதி செய்வது) திரியிலும் இதே மாதிரி மற்றவன் தவறை என் தலையில் கட்டினீர்கள்.

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
அந்தத் திரியில் ஸ்டாண்ட்பை (பிரதி சேர்வர்) இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று எழுதியது யார்? ட்ரொப் டேபிள் அடித்து ஓர் அட்டவணையை அழித்தால் அது கையோடு ஸ்டாண்ட்பைக்கும் போகும் என்று நான் சொன்னதற்கு இன்றைக்கும் பதில் இல்லை.

வெள்ளவத்தை_தேவ்:
"சின்ன இடத்துக்கு" என்று எழுதினேன். பாதியை வெட்டிக் காட்டாதீர்கள்.

தெமட்டகொட_நெட்வேர்க்:
இரண்டு பேரும் ரெஸ்டோர் செய்து பார்த்தீர்களா? 2017இல் கிட்லாப் நிறுவனத்தில் பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் கருவி பழைய 9.2 பதிப்பு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6. பேக்கப் எடுபடாமல் போனதே டேட்டாபேஸை அழித்த பிறகுதான் தெரிந்தது. இங்கே இலங்கையில் 2023இல் அரச கிளவுட்டில் ரான்சம்வேர் (தரவைப் பூட்டிக் கப்பம் கேட்கும் நிரல்) வந்து மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்கு ஒஃப்லைன் பேக்கப்பே இருக்கவில்லை. நீங்கள் போர்ட்டுக்குச் சண்டை பிடியுங்கள்.

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! உள்ளே வந்தவன் பேக்கப்பையும் தொடுகிறான். ஆட்களின் விபரம் அடங்கிய டேட்டாபேஸ், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. விசாரிக்க வருபவரிடம் லோக்கல்ஹோஸ்ட் என்று சொல்லிப் பாருங்கள். பிஜிபேக்ரெஸ்ட் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருளின் டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு) சேர்வர் 8432 போர்ட்டில் கேட்கும். சான்றிதழ் காட்டாதவனுக்கு அங்கே வேலை நடக்காது. அதை எழுதியவர்களுக்கு விளங்கியது உங்களுக்கு ஏன் விளங்கவில்லை?

வெள்ளவத்தை_தேவ்:
அது நெட்வேர்க்கில் கேட்பது, ஆகவே சான்றிதழ் வேண்டும். இது லோக்கல்ஹோஸ்டில் கேட்பது, ஆகவே வேண்டாம். நான் சொன்னதையே நீங்களும் சொல்லிவிட்டு வென்ற மாதிரிக் கதைக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
லோக்கல்ஹோஸ்ட் முகவரிதான், பூட்டு அல்ல. பத்துத் தரம் சொல்லியாயிற்று. குறைந்தபட்சம் லூப்பேக்கில் (லோக்கல்ஹோஸ்ட் போகும் பாதையில்) 7480க்குப் போகும் வேண்டுகோளை உரிய பயனரைத் தவிர மற்றவர்களுக்கு மறுக்க ஐபிடேபிள்ஸில் ஓனர் விதி ஒன்றாவது போடச் சொல்லுங்கள். ஒரு வரி வேலை. அதையாவது வழிகாட்டியில் சேருங்கள்.

வெள்ளவத்தை_தேவ்:
விருப்பமானவர்கள் போடட்டும். என் வழிகாட்டியை நான் மாற்றப் போவதில்லை.

பம்பலப்பிட்டி_புதியவன்:
அண்ணாமார், ஐபியைச் சேர்த்து எழுதியும் கர்லுக்குப் பதில் வரவில்லை. கண்டெய்னருக்குள் 0.0.0.0 அப்படியே இருக்க வேண்டுமா, அதையும் மாற்ற வேண்டுமா?

கொட்டாஞ்சேனை_டிபிஏ:
தேவ், "விருப்பமானவர்கள்" என்று எழுதுகிறீர்களே, பாதுகாப்பு என்ன விருப்பப் பாடமா? அந்த வரியை எடுக்கும்வரை வழிகாட்டிக்குக் கீழேயும் இதையே எழுதுவேன்.