பீளமேட்டு மெட்ரோ நிறுத்தம்: புதுப்பிப்பு

கோவையில் திட்டமிட்டிருந்த அவிநாசி சாலை மெட்ரோவில் பீளமேட்டுப் பக்கம் அமையவிருந்த நிலையத்துக்குச் சாலையின் இருபுறமும் படிக்கட்டு வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் பின் நடந்தவை இவை.

2025 நவம்பரில் கோவை மெட்ரோவின் திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகை கேட்கிறது, 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சிப் பகுதி அதை எட்டவில்லை என்பது முக்கியக் காரணம். 2011-ஐ வைத்து இன்றைய கோவையை அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாநகராட்சிக்கு வெளியே சூலூரிலிருந்து அன்றாடம் வேலைக்கு வருகிறவர்கள் எந்தக் கணக்கில் சேர்வார்கள்?

அதற்கு முந்தைய மாதம்தான் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் திறந்தது. வண்டிகளுக்கு நல்லது. கீழே பஸ்ஸுக்காகச் சாலையைக் கடக்கும் மில் தொழிலாளிக்கு அதனால் என்ன வந்தது?

மெட்ரோலைட் கேட்கலாமே என்றார்கள் சிலர். பயணிகள் குறைவான தடங்களுக்கான இலகு ரயில் அது. சாலை மட்டத்திலேயே நிறுத்தம் அமைக்கலாம், மூட்டுவலிக்காரர்கள் படியேற வேண்டாம். ஆனால் மேம்பாலத் தூண்கள் நிற்கும் அவிநாசி சாலையில் இடம் எங்கே? மெட்ரோ திட்டத்தின் இன்னொரு தடமான சத்தி (சத்தியமங்கலம்) சாலைக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

பீளமேட்டில் ஏற்கெனவே ரயில் நிலையம் இருக்கிறது, கோவை வடக்கு–இருகூர் பாதையில். அங்கே கூடுதல் ரயில்கள் நிற்க வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்திட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.