முடிவு தெரிந்த த்ரில்லரிலும் ஏன் கை வியர்க்கிறது?

கடைசி வரிசை:
நேற்று ராத்திரி டிவியில் பாபநாசம் படம். அம்மாவுக்கு இது ஐந்தாவது தடவையாவது இருக்கும், அடுத்து யார் என்ன பேசுவார்கள் என்பது வரை தெரியும். ஆனாலும் போலீஸ் விசாரணை ஆரம்பித்ததும் தோசைக்கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றுவிட்டார், தோசை கருகிய வாசனை எனக்குத்தான் முதலில் வந்தது. கரண்ட் போனால் மாடிப்படி ஏறவே பயப்படுகிறவர் அவர். பயத்தை ஏன் இப்படித் தேடிப்போய்ப் பார்க்கிறோம், அதுவும் தெரிந்த கதையில்?

ரீல்பெட்டி:
தெரிந்திருப்பதால்தான் சகோ. த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன குண்டு உதாரணம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு அடியில் திடீரென்று குண்டு வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பது நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்து, அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தால் 15 நிமிஷம் சீட்டில் உட்கார முடியாது. பாபநாசத்தில் கொலை நம் கண் முன்னாலேயே நடந்துவிடுகிறது. யார் செய்தது என்ற கேள்வியே கிடையாது, மாட்டுவார்களா என்பது மட்டும்தான். கமல் நடித்த சுயம்புலிங்கம், அன்றைக்குக் குடும்பம் ஊரிலேயே இல்லை என்று காட்ட பஸ் டிக்கெட், ஹோட்டல் பில் என்று சேர்க்கச் சேர்க்க நாமும் கூட்டுக் களவாணி ஆகிவிடுகிறோம். உடலை மறைத்த ஆள் தப்பிக்கணும் என்று மொத்தத் தியேட்டரும் சாமி கும்பிடுகிறது, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

செகண்ட் ஷோ:
எனக்கு இது உடம்பு சமாச்சாரம். 2018இல் ராட்சசன் இரவுக்காட்சி போனேன். கொலைகாரன் விட்டுப்போகிற அந்தப் பரிசுப்பெட்டியைத் திறக்கிறார்கள், ஜிப்ரானின் பின்னணி இசை வேறு, நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. அட்ரினலின் சுரக்கிறது, ஆனால் ஓட வேண்டியதில்லை, கையில் பாப்கார்ன் இருக்கிறது. படம் முடிந்தாலும் அந்தப் படபடப்பு உடனே இறங்குவதில்லை, ஆபத்து நமக்கு இல்லை என்று தெரிந்ததும் அதுவே சந்தோஷமாகத் திரும்பிவிடுகிறது. அன்றைக்கு வெளியே குடித்த டீ மாதிரி ஒரு டீ இன்னும் அமையவில்லை. பைக்கை எடுக்கும்போது பின்சீட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்.

பழைய பேப்பர்:
தம்பிகளா, பயம் மட்டும்தான் காரணம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1954இல் வந்த அந்த நாள் படத்தில் பயமுறுத்துகிற காட்சி என்று பெரிதாக என்ன இருக்கிறது? ஒரு பாட்டுகூட இல்லாத படம், அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே கொலை, சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள், ஒவ்வொரு தடவையும் நாம் போட்ட கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். சுகமே அந்தக் கணக்கில்தான். எடுத்தவர் வீணை எஸ். பாலசந்தர், எந்த இடத்தில் நிறுத்தினால் சபை மூச்சைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

கடைசி வரிசை:
எல்லாவற்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அதெல்லாம் சரிடா, அந்தப் பிள்ளைங்க மாட்டிக்கிட்டா என்ன பண்றது?" என்றார். நாலு தடவை மாட்டவில்லையே அம்மா என்றேன்.

"இந்தத் தடவை மாட்டிட்டா?"