சங்க டிராக்டர்: பம்புக்குப் பணம் அனுப்புமுன் டேங்கைப் பாருங்கள்

ஷார்ஜா அண்ணன், சிங்கப்பூர் மச்சான், மற்ற உறவுகளுக்கு,

சங்க டிராக்டரின் டீசல் பம்பைக் (நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு) கழற்றி ராமநாதபுரத்தில் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) பார்க்க 28,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். இப்போது அனுப்ப வேண்டாம்.

அக்கா நேரில் பார்த்து எழுதியதிலேயே பதில் இருக்கிறது. தண்ணி டேங்கரை இழுத்தால் கால் மணி நேரத்தில் இழுவை குறைந்து நிற்கிறது. பத்து நிமிஷம் விட்டால் எழும்புகிறது. பம்பு தேய்ந்திருந்தால் எஞ்சின் நன்றாக ஆறும்வரை ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது, பம்பு வரைக்கும் டீசல் வந்து சேருகிறதா என்பதைத்தான்.

வண்டி திணறும்போது டீசல் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய் எஞ்சின் தெளிந்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மணல் விழாமலிருக்க மூடிமேல் பாலித்தீன் கட்டும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

அதில் தெளியவில்லையா? ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்பு) வரும் குழாயைக் கழற்றி வாளியில் விடுங்கள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் வருது' என்று மூடக் கூடாது. ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். முதலில் கொட்டி, பிறகு நூலாக இளைத்தால், துரும்போ துருச்செதிளோ டேங்கின் வெளிவாயை அடைக்கிறது. வண்டி நின்றதும் அது விலகிவிடும். திரும்ப எழும்புவதும் அதனால்தான். நம் கரையில் இது சகஜம். அரை டேங்க் டீசலோடு ராத்திரி நிறுத்தினால் மேல்தகட்டில் ஈரம் வேர்க்கும், துரு உதிரும். காற்றடித்து ஊதினால் இரண்டு நாள் ஓடும், அவ்வளவுதான். டேங்கை இறக்கி, உள்ளே சிறு சங்கிலி போட்டுக் குலுக்கி, டீசலால் அலச வேண்டும். தண்ணீரால் வேண்டவே வேண்டாம். சாயங்காலமே டேங்கை நிரப்பி நிறுத்தினால் பாதித் தொல்லை குறையும்.

காலையில் வண்டியை அசைக்குமுன் ஃபில்டர் அடித்திருகைத் தளர்த்தி அரை டம்ளர் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். அதைக் கவனிக்காமல் விட்டால்தான் பம்பும் நாசிலும் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) உண்மையிலேயே கெடும்.

டீசலோடு காற்றும் உள்ளே இழுபடுகிறதா என்று பார்க்க, ஃபீட் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவே தெளிவான ட்யூப் போடுங்கள். குமிழி ஓடினால் டேங்க் பக்க இணைப்புகளில் கசிவு. செப்பு வாஷர்களைப் புதிதாகவே மாற்றுங்கள். ஃபீட் பம்பின் கைநெம்பு தொளதொளவென்றிருந்தால் உடனே டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) போச்சு என்று சொல்லிவிடக் கூடாது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள்.

முடிந்ததும் முதல் ஃபில்டர், இரண்டாம் ஃபில்டர், பம்பின் கீழ்த்திருகு, மேல்திருகு, கடைசியில் நாசில் குழாய் நட்டுகள். இந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை ஏர் (உள்ளே சிக்கிய காற்று) எடுக்க வேண்டும்.

பழைய ஃபில்டர் எலெமென்ட்டைத் (உள்ளே இருக்கும் வடிகட்டி) தூக்கிப் போட வேண்டாம். அறுத்துப் பார்க்கட்டும். செம்பொடி என்றால் டேங்க் துரு, கறுப்புக் கொழகொழப்பு என்றால் தண்ணீர் தங்கி வளர்ந்த பூஞ்சையும் பாக்டீரியாவும்.

---

பதில்:

தம்பி சொன்னபடியே நடக்கட்டும். எலெமென்ட், வாஷர் பில்லைப் படமெடுத்து இங்கேயே போடச் சொல்லுங்கள். வாய்க்கணக்கு இனி வேண்டாம். அறுத்த எலெமென்ட் படமும் வரட்டும். பம்புப் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்வோம்.